எஃப்.ரி.எல்.: தோற்றுத் தோற்று மீண்டும் ஏறும் கப்பல்

விண்வெளிப் போரை மையமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில் ஆடுபவரை மிகக் கடுமையாகச் சோதிப்பவை எவை என்று கேட்டால், பலரும் சொல்லும் பெயர்களில் ஒன்று 'ஃபாஸ்ரர் தான் லைற்'. ஒளியை விட வேகமாக என்பது அதன் பொருள். ஆடுபவர்கள் அதைச் சுருக்கமாக எஃப்.ரி.எல். என்பார்கள். 2012 செப்டெம்பர் 14ஆம் திகதி வெளிவந்த இந்த விளையாட்டில் ஒரு முழு ஆட்டம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவரின் ஆட்டங்களில் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடியும். கப்பல் வெடித்துவிட்டால் இடையில் சேமித்து வைத்த ஓர் இடத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அப்படியிருந்தும் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பலர் இதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்பதைவிட எமக்கு நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு. பின்னால் படை துரத்த, கையிருப்பில் கொஞ்ச எரிபொருளுடன், சேர்ந்து வந்தவர்களில் யாரை இழப்போம் என்று தெரியாமல் ஓடும் ஒரு கப்பலின் கதை இது. அத்தகைய ஓட்டத்தை உண்மையில் ஓடிய மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இக்கேள்விக்கு இடமுண்டு. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வாகரையில் இருந்தும் படுவான்கரையில் இருந்தும் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அப்போது இடுப்பில் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள் இன்று இருபது வயதை அண்மித்துவிட்டார்கள். அவர்களது கையில் மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் இருக்கின்றன. அவர்கள் சண்டை விளையாட்டுகள் ஆடுவதைக் காணும் தாய் தகப்பனுக்கு ஒரு கலக்கம் வருவது இயல்பு. இக்கட்டுரை இரு தரப்பினருக்குமானது.

யார் உருவாக்கினார்கள்?

சப்செற் கேம்ஸ் என்ற நிறுவனம் இதை உருவாக்கியது. நிறுவனம் என்று சொன்னாலும் அடிப்படையில் இரண்டே பேர்தான்: மத்தியூ டேவிஸ், ஜஸ்ரின் மா. இருவரும் சீனாவின் சங்காய் நகரில் பெரிய விளையாட்டு நிறுவனம் ஒன்றின் கிளையில் பணியாற்றியவர்கள். அங்கிருந்து விலகி, கையில் இருந்த சேமிப்பை வைத்துத் தமக்குப் பிடித்ததைச் செய்து பார்ப்போம் என்று தொடங்கினார்கள்.

2012இல் கிக்ஸ்ரார்ட்டர் தளத்தின் ஊடாகப் பொதுமக்களிடம் பத்தாயிரம் அமெரிக்க டொலர் கேட்டார்கள். கிடைத்ததோ 2 இலட்சம் டொலருக்கும் மேல். சிறு குழுக்கள் பெரிய வெளியீட்டாளரின் தயவின்றி மக்களின் நிதியில் ஒரு விளையாட்டை முடித்து வெளியிடலாம் என்பதற்கு ஆரம்பகால எடுத்துக்காட்டாக இது அமைந்தது. பென் பிரன்ரி இசையமைத்தார். 2013இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான விருது கிடைத்தது. 2014 ஏப்ரலில் விரிவாக்கப்பட்ட பதிப்பு வெளிவந்தபோது, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு அது இலவசமாக வழங்கப்பட்டது.

எப்படி ஆடப்படுகிறது?

திரையில் உங்கள் கப்பலை மேலிருந்து பார்க்கிறீர்கள், கூரை இல்லாத வீட்டைப் பார்ப்பது போல. அறைகள், கதவுகள், உள்ளே நடமாடும் ஆட்கள் எல்லாம் தெரியும். ஓர் அறையில் ஆயுதக் கட்டுப்பாடு, இன்னொன்றில் பாதுகாப்புக் கவசம், வேறொன்றில் இயந்திரம், மற்றொன்றில் மூச்சுக்காற்று வழங்கும் கருவி. முதற் கப்பலான கெஸ்ட்ரலில் மூன்று பேர் மட்டுமே இருப்பார்கள். எட்டுப் பேர் வரை சேர்க்கலாம். அவர்களுக்கு விரும்பிய பெயரைச் சூட்டலாம்.

கப்பலிடம் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. எட்டு மண்டலங்களைக் கடந்து அதைத் தன் தரப்பின் தலைமையிடம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் பல தரிப்பிடங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குத் தாவ ஓர் அலகு எரிபொருள் செலவாகும். போய்ச் சேரும் இடத்தில் கடை இருக்கலாம், கொள்ளைக் கப்பல் இருக்கலாம், உதவி கேட்டு அழும் குரல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். நீங்கள் தாவும் ஒவ்வொரு முறையும் பின்னால் பகைப்படையின் சிவப்புக் கோடு ஒரு படி முன்னேறும். அது உங்களை எட்டிவிட்டால் தப்புவது கடினம்.

சண்டை நிகழ்நேரத்தில் நடக்கும். ஆனால் எந்தக் கணத்திலும் ஆட்டத்தை நிறுத்தி வைத்து யோசிக்கலாம், கட்டளை இடலாம், பிறகு தொடரலாம். ஆகவே இங்கே விரல் வேகம் பெரிதல்ல. அளவோடு இருக்கும் மின்சாரத்தை எதற்குக் கொடுப்பது, எதில் இருந்து பிடுங்குவது என்ற கணக்கே பெரிது. கவசத்தின் ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு அலகு மின்சாரம் வேண்டும். ஆயுதத்தைக் கூட்டினால் இயந்திரம் குறையும். மின்பிறப்பாக்கி ஒன்றில் வீடு, கடை, நீர்ப்பம்பி மூன்றையும் ஓட்டப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீப்பிடித்தால் வெளிக்கதவைத் திறந்து காற்றை வெளியேற்றி அணைக்கலாம். அந்த அறையில் உங்கள் ஆள் இருந்தால் அவரும் மூச்சுத் திணறுவார். ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரு விலை உண்டு என்பதுதான் இந்த விளையாட்டின் இலக்கணம்.

எதனால் இவ்வளவு கடினம்?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, தோல்வி முழுமையானது. இந்த மரபு 1980இல் வந்த 'ரோக்' என்ற விளையாட்டில் இருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் உலகம், இறந்தால் எல்லாம் போய்விடும் என்ற விதி, இரண்டையும் அது பரவலாக்கியது. எஃப்.ரி.எல். அதை விண்வெளிக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது, தற்செயல். எந்தக் கடையில் எந்த ஆயுதம் கிடைக்கும், எந்தத் தரிப்பிடத்தில் என்ன காத்திருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. திறமையுள்ளவரும் சில வேளை தோற்பார். எனினும் நீண்டகாலம் ஆடியவர்கள் தொடர்ச்சியாக வெல்கிறார்கள். அப்படியென்றால் தற்செயலுக்குள்ளும் கற்கக்கூடியது நிறைய இருக்கிறது என்றுதான் அர்த்தம். தாயம் உருட்டுபவருக்கு விழும் எண் கையில் இல்லை, எந்தக் காயை நகர்த்துவது என்பது கையில் இருக்கிறது அல்லவா?

மூன்றாவது, இறுதிப் போர். எட்டாவது மண்டலத்தில் பகைவரின் தலைமைக் கப்பலை மூன்று தடவை வீழ்த்த வேண்டும். இரண்டாவது கட்டத்தில் ஆளில்லா விமானங்கள் கூட்டமாக வரும். மூன்றாவது கட்டத்தில் கூடுதல் கவசம் ஒன்று சூழ்ந்திருக்கும். வழியெல்லாம் நன்றாக வந்த கப்பல் இங்கே சில நிமிடங்களில் சிதறுவது வழமை.

எம் காதில் வேறுவிதமாக விழும் சொற்கள்

இந்த விளையாட்டில் துரத்திவரும் தரப்புக்கு வைக்கப்பட்டிருக்கும் பெயர் 'கிளர்ச்சியாளர்கள்'. ஆடுபவர் இருப்பது கூட்டமைப்பு என்ற ஆட்சித் தரப்பில். கிளர்ச்சியாளர்கள் மற்ற இனங்களை வெறுக்கும் மனிதர்கள் என்பது கதை. அவர்களது நியாயமோ அவர்கள் எழுந்த காரணமோ பெரிதாகச் சொல்லப்படுவதில்லை. மேற்குலகில் ஆடும் ஒருவர் இதைக் கடந்து போய்விடுவார். 'கிளர்ச்சி' என்ற சொல்லை அரசின் அறிக்கைகளிலும் செய்திகளிலும் முப்பது ஆண்டுகள் கேட்டு வளர்ந்த எமக்கு அது ஒரு கணம் இடறும். ஆட்டத்தில் நாம் துரத்தப்படுபவர்கள், ஆயினும் அரசின் பக்கம். எம் அனுபவத்தின் எந்த ஒரு பக்கத்துடனும் இது நேராகப் பொருந்தாது. அதுவே ஒரு வகையில் நல்லது. எவருடைய போரையும் இது மறுபடி நடித்துக் காட்டவில்லை.

இன்னொன்று, வழியில் வரும் நிகழ்வுகள். அடிமை வணிகர் கப்பல் ஒன்று எதிர்ப்பட்டு, உங்கள் ஆட்களில் ஒருவரைத் தந்தால் விட்டுவிடுகிறோம் என்று கேட்கும். கொடுக்கலாம், மறுத்துச் சண்டையிடலாம். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்கப்பட்ட ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வியாக இருக்காது. வேறோர் இடத்தில் இராட்சதச் சிலந்திகள் புகுந்த நிலையம் ஒன்று உதவி கேட்கும். ஆளை அனுப்பினால் சில வேளை நன்றியும் பரிசும், சில வேளை போனவர் திரும்பி வரவே மாட்டார். அவருக்கு உங்கள் நண்பரின் பெயரைச் சூட்டியிருந்தால் அந்த இழப்பு சற்று நேரம் உறைக்கும்.

ஏன் திரும்பி வருகிறார்கள்?

டென்மார்க்கைச் சேர்ந்த விளையாட்டு ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013இல் தோல்வியின் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் எழுப்பும் புதிர் எளிமையானது: மனிதர் தோல்வியை விரும்புவதில்லை, ஆனாலும் தோல்வியடைவோம் என்று தெரிந்தே விளையாட்டுகளை நாடுகிறார்கள். தோல்வி வலிக்கிறது, அந்த வலிதான் நாம் இன்னும் கற்க வேண்டியதைக் காட்டுகிறது என்பது அவரது விளக்கத்தின் சாரம்.

எஃப்.ரி.எல்.லில் இதைக் கண்கூடாகக் காணலாம். கப்பல் வெடித்தவுடன் ஆத்திரம் வரும். பிறகு மனம் பின்னோக்கி ஓடும். அந்தக் கடையில் ஆயுதத்தை வாங்காமல் கவசத்தைக் கூட்டியிருக்கலாம். அந்தக் கதவைத் திறந்திருக்கலாம். காரணம் கண்டுபிடிக்கப்படும். அடுத்த ஆட்டத்தில் அது திருத்தப்படும்.

போருக்குப் பின் வாழும் மனங்களுக்கும் இந்தப் பின்னோக்கிய ஓட்டம் பழக்கமானதே. அன்றைக்கு அந்த வழியால் போகாமல் இருந்திருந்தால், ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டிருந்தால், பிள்ளையைச் சந்திக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் என்று எத்தனை வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் பெரும் வேறுபாடு உண்டு. விளையாட்டில் தோல்விக்குக் காரணம் ஆடுபவரின் தெரிவு. போரில் அப்படியல்ல. எறிகணை எங்கே விழும் என்பதைத் தீர்மானித்தவர் ஓடியவர் அல்ல, எறிந்தவர். சரியாகத் தெரிவு செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்ற விளையாட்டுப் பாடத்தை எவரும் தன் வாழ்க்கையின் மீது வைத்துத் தன்னைத் தண்டிக்கக் கூடாது. மீண்டும் தொடங்கலாம் என்பது விளையாட்டுக்கு மட்டுமே உரிய சலுகை.

அந்தச் சலுகையின் பெறுமதியும் அதிலேயே இருக்கிறது. எவரும் சாகாமல் தோற்கவும், தோற்றபின் எழும்பவும் பழகுவதற்கு ஓர் இடம் அது.

விளையாட்டும் காயமும்

இந்தச் சிந்தனை மட்டக்களப்புக்குப் புதியதல்ல. 1996இல், போர் கடுமையாக இருந்த காலத்தில், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். தமிழ், முஸ்லிம் கிராமங்களில் இருந்து போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தார்கள். களிமண்ணில் உருவம் செய்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் ஆடினார்கள். 1990இன் படுகொலைகளுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் நம்பப் பயந்த இரு சமூகங்களின் பிள்ளைகள் அவர்கள். சொல்ல முடியாததை விளையாட்டின் வழியாக வெளியே கொண்டுவரலாம் என்பதே பூங்காவின் அடிப்படை. அங்கே பிள்ளைகளுக்கு அருகில் அவர்களைக் கவனிக்கும் பெரியவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கணினி விளையாட்டைப் பொறுத்தவரை, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸ் தலைமையிலான ஆய்வுகள் கவனிக்கத்தக்கவை. அதிர்ச்சி தரும் படக்காட்சியைப் பார்த்தவர்கள் அரை மணித்தியாலத்தின் பின் 'ரெற்றிஸ்' ஆடியபோது, அடுத்த ஒரு வாரத்தில் அக்காட்சிகள் மனதில் திடீரெனத் தோன்றுவது குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. 2017இல் வெளியான ஆய்வு வீதி விபத்தில் சிக்கி வைத்தியசாலைக்கு வந்த 71 பேரிடம் ஆறு மணித்தியாலங்களுக்குள் செய்யப்பட்டது. அதிலும் முதல் வாரத்தில் இத்தகைய நினைவுகள் குறைந்தன. கண்ணால் வடிவங்களைக் கணிக்கும் வேலையில் மனம் ஈடுபடும்போது, அக்காட்சி அழுத்தமாகப் பதிவது தடைப்படுகிறது என்பது விளக்கம்.

இதை எச்சரிக்கையுடன் புரிந்துகொள்ள வேண்டும். அது சம்பவம் நடந்து சில மணித்தியாலங்களுக்குள், மருத்துவ ஆய்வாளரின் வழிகாட்டலில் செய்யப்பட்டது. பல ஆண்டுகள் கடந்த நினைவுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. எஃப்.ரி.எல். ரெற்றிஸும் அல்ல, மருந்தும் அல்ல.

போரை நேரடியாகப் பேசும் விளையாட்டும் உண்டு. போலந்தின் வார்சோவில் இருந்து 2014இல் வந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்' சரயேவோ முற்றுகையில் அகப்பட்ட பொதுமக்களின் அனுபவத்தைத் தழுவியது. அதில் ஆடுபவர் படையினன் அல்ல, இடிந்த வீட்டில் உணவும் மருந்தும் தேடும் குடிமகன். போலந்து அரசு 2020இல் அதைப் பாடசாலைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. எம்மில் பலருக்கு அது தாங்க முடியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கக்கூடும். எஃப்.ரி.எல். சிறு வடிவங்களாலும் விண்வெளித் தூரத்தாலும் அந்த நெருக்கத்தைச் சற்றுத் தள்ளி வைக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

உலக சுகாதார அமைப்பு விளையாட்டுக்கு அடிமையாகும் கோளாறை 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தனது நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. நிறைய நேரம் ஆடுவது மட்டும் கோளாறு ஆகாது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முதன்மையாதல், தீங்கு விளைந்தும் விடாமை ஆகியவை நீடித்து, படிப்பும் தொழிலும் உறவும் பாதிக்கப்படும்போதே அவ்வாறு கருதப்படுகிறது.

பிள்ளை தோற்றுக் கோபப்படுவது பிரச்சினை அல்ல. ஆடும்போது பழைய காட்சிகள் வந்து நித்திரை குழம்புகிறது, உடல் நடுங்குகிறது, எவருடனும் பேச்சில்லை என்றால் விளையாட்டை நிறுத்தி உதவி நாட வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் அழைக்கலாம். இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

பிள்ளையிடம் 'என்ன இந்தக் குப்பை' என்று கேட்பதைவிட 'இதிலே ஏன் தோத்த நீ?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும். அந்தப் பேச்சு வேறு பேச்சுக்கும் வழி திறக்கலாம்.

திரும்பி வருபவர்களுக்குச் சில குறிப்புகள்

புதிய, விலை கூடிய கணினி தேவையில்லை. 2 கிகா ஹேட்ஸ் செயலியும் 1 ஜி.பி. நினைவகமும் உள்ள பழைய மடிக்கணினியே போதும். கோப்பின் அளவு 200 எம்.பி.க்கும் குறைவு. தரவிறக்கிய பின் இணையமின்றியும் ஆடலாம். விலை ஏறத்தாழ 10 அமெரிக்க டொலர், விற்பனைக் காலங்களில் இதைவிடக் குறையும். ஐபாட்டில் ஆடலாம், அன்ரொயிட் தொலைபேசிக்கு இல்லை. தமிழிலும் இல்லை. வாசிக்க வேண்டிய பகுதி நிறைய இருப்பதால் ஆங்கிலம் பழகுபவருக்கு இது ஒரு பயிற்சியாகவும் அமையும்.

எளிய நிலையிலேயே தொடங்குங்கள், அதில் வெட்கமில்லை. அதுவே பலருக்குக் கடினமாக இருக்கும்.

சண்டையை அடிக்கடி நிறுத்தி யோசியுங்கள். நிறுத்துவதற்கு ஆட்டம் தண்டனை தருவதில்லை.

இரண்டாவது கவச அடுக்கை முதல் இரண்டு மண்டலங்களுக்குள் பெற முயலுங்கள். ஆயுத ஆசை பிறகு.

ஆயுதங்களைத் தனித்தனியாகச் சுடாமல் ஒன்றாகச் சுடுங்கள். கவசம் மீள்வதற்கு முன் அடி உள்ளே இறங்கும். குறி பெரும்பாலும் எதிரியின் ஆயுத அறையாக இருக்கட்டும்.

சிவப்புக் கோடு எட்டாத வரைக்கும் ஒவ்வொரு மண்டலத்திலும் இயன்ற அளவு தரிப்பிடங்களைப் பாருங்கள். நேரே வெளியேறும் வழிக்கு ஓடுபவர் வெறுங்கையுடன் இறுதிப் போருக்குப் போய்ச் சேர்வார்.

உதவி கேட்பவர் எல்லோருக்கும் உதவ முடியாது. மறுத்துவிட்டுப் போவதும் அனுமதிக்கப்பட்ட ஒரு தெரிவு. ஆளை அனுப்பத்தான் வேண்டும் என்றால், கப்பலில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

தலைமைக் கப்பலை எதிர்கொள்ளும்போது அதன் ஏவுகணை அறையை முதலில் செயலிழக்கச் செய்யுங்கள். ஏவுகணைகள் உங்கள் கவசத்தை ஊடுருவி வருபவை.

இவ்வளவும் செய்தும் தோற்கலாம். அப்போது மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு வாவிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். எஃப்.ரி.எல்.லின் கப்பல் அடுத்த நாளும் அதே மூன்று பேருடன், அதே எரிபொருளுடன் புறப்படக் காத்திருக்கும். எம்முடன் புறப்பட்டுத் திரும்பி வராதவர்களுக்கு அப்படியொரு அடுத்த நாள் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு ஆடுபவருக்கு இந்த விளையாட்டு தீங்கு செய்யாது, கொஞ்சம் பொறுமையும் கற்றுத்தரும்.